கரணைக்கும் பாண்டுக்கும் பகை மூட்டுவது யார்?

கட்டட வேலைத்தளங்களில் இப்போது ஓர் உபதேசம் கேட்கிறது. கொத்தனார் எலக்ட்ரீஷியனை மதிக்க வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் பெயிண்டரை மதிக்க வேண்டுமாம். எல்லோரும் சித்தாளை மதிக்க வேண்டுமாம். நல்லது, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் உபதேசம் செய்யும் கனவான்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. இந்த அவமரியாதை உற்பத்தியாவது எங்கே? தொழிலாளியின் வாயிலா, காண்ட்ராக்டரின் கணக்குப் புத்தகத்திலா?

கொட்டிவாக்கத்துக்கு வாருங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே மாடிமேல் மாடி எழும்புகிறது. ஏதாவது ஒரு வேலைத்தளத்தில் அரை நாள் நின்றால் போதும். கொத்தனார் பூசி, மட்டம் பார்த்து முடித்த சுவரை மறுநாள் எலக்ட்ரீஷியன் பைப் புதைக்கக் காடி வெட்டுகிறார். கொத்தனாருக்கு வயிறு எரிகிறது; வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். குளியலறையில் தண்ணீர் தேங்கினால் டைல்ஸ்காரர் பிளம்பரைச் சாடுகிறார், பிளம்பர் டைல்ஸ்காரரைச் சாடுகிறார். இஞ்சினீயர் மேஸ்திரியை வைகிறார். மேஸ்திரி சித்தாளை வைகிறார். சித்தாளுக்குக் கீழே வைவதற்கு ஆள் இல்லை.

இதைக் குணக்கேடு என்பவர்கள் கூலிக் கணக்கைப் பார்க்கட்டும். பூச்சு வேலை சதுர அடிக் கணக்கு. வயரிங் பாயிண்ட் கணக்கு. கம்பி வேலை எடைக் கணக்கு. ஒவ்வொன்றும் ஒரு சப்-காண்ட்ராக்டர் கையில். வெட்டிய சுவரை மறுபடி பூசுகிற நேரத்துக்குக் கூலி யார் தருவது? ஒருவரும் தருவதில்லை! வரைபடம் தாமதமாக வந்ததும், மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடி என்று விரட்டியதும் எலக்ட்ரீஷியன் செய்த குற்றமா? அவசரத்தின் லாபம் மேலே போகிறது. நஷ்டம் கீழே இறங்குகிறது. அந்த நஷ்டத்துக்காகத் தொழிலாளியும் தொழிலாளியும் மல்லுக்கட்டுகிறார்கள். காண்ட்ராக்டருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. சாரம் கட்டியவரை நம்பித்தான் பெயிண்டர் மேலே ஏறுகிறார். முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்காரரை நம்பித்தான் கீழே சித்தாள் பாண்டு சுமக்கிறார். 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்தார், ஒடிசாக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே இடிபாட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டார்கள். இதற்குப் பிறகும் நம் தோழர்களில் சிலர் ஒடிசாவிலிருந்து வந்த கம்பித் தொழிலாளியை 'வடக்கன்' என்று இளக்காரம் பேசுகிறார்கள். வெட்கம்! துபாயிலும் சிங்கப்பூரிலும் நம் கொத்தனார்கள் சாரத்தில் நிற்கிறார்களே, அவர்களை அங்கே எப்படி அழைக்க வேண்டும் என்று விரும்புகிறோம்?

சங்கங்கள் போராடிப் பெற்ற பலன்களில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. கொத்தனார், தச்சர், பிளம்பர், கல்லுடைப்பவர், மண் சுமப்பவர் எல்லோரும் அதில் ஒரே பட்டியல்தான். 1996-ன் மத்தியச் சட்டம் கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தீர்வை விதித்தபோதும், கரணை பிடித்தவருக்குத் தனி, பாண்டு சுமந்தவருக்குத் தனி என்று வசூலிக்கச் சொல்லவில்லை.

ஆனால் சித்தாள் விஷயத்தில் காண்ட்ராக்டரை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது. இருபது வருஷம் கலவை சுமந்த பெண்ணுக்குக் கலவையின் பதம் தெரியாதா? ஆயினும் அவர் கையில் கரணை கொடுக்க எத்தனை கொத்தனார்கள் சம்மதிக்கிறார்கள்? (மெரினாவில் 1959-ல் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையிலும் பாறை நெம்புகிற நால்வரும் ஆண்கள்தான்!) ஜாதித் திமிரும் ஆண் திமிரும் இதில் கலந்திருக்கின்றன. இதை மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை.

காண்ட்ராக்டர்களிடம் நாம் கேட்பது இது: வேலை தொடங்குமுன் எல்லாத் தொழில்காரர்களையும் உட்கார வைத்து எது முன், எது பின் என்று முடிவு செய். திருப்பிச் செய்யும் வேலைக்குத் தனிக் கூலி கொடு. பெண்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை கட்டு. சித்தாளுக்குக் கூலியோடு கொத்து வேலை கற்றுக் கொடு.

சங்கக் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெயிண்டருக்கு ஒரு கூட்டம், கொத்தனாருக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து நடத்துவதை நிறுத்துங்கள். கூட்டத்தில் சித்தாள்களைப் பின்வரிசையில் தரையில் உட்கார வைக்காதீர்கள். பெயர் தெரிந்தும் அவர்களை 'ஏய்' என்று கூப்பிடும் மேஸ்திரிக்குக் கிளையில் எந்தப் பொறுப்பும் கொடுக்காதீர்கள்.