மழைக்காலமும் மூச்சுநோயும்

இருமலும் சளியும் பனியால் வருவன என்றும், மார்கழியே அவற்றுக்குரிய திங்கள் என்றும் நம்மவர் கூறுவர். செங்கற்பட்டு வட்டாரத்தில் வாழும் நாம் இக்கூற்றைச் சற்றே ஆராய்தல் நன்று.

2009 முதல் 2013 வரை நம் நாட்டு நகரங்கள் பத்தில் இன்புளுவென்சாச் சுரத்தின் போக்கை அறிஞர் கணித்தனர். அவ்வாராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. தில்லி, புனா, கல்கத்தா முதலிய இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு அச்சுரம் மிகுந்தது, ஸ்ரீநகரிலோ கடுங்குளிரில். சென்னையிலும் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பரில், அஃதாவது நம் ஐப்பசி அடைமழையில், அஃது ஓங்கிற்று. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்டதன்றோ செங்கற்பட்டு!

மழைநீர் நோயைச் சுமந்து வருவதன்று. இருமுவார் வாயினின்று தெறிக்கும் நுண்திவலைகள் அடைத்த அறையில் நெடுநேரம் நிற்கும். மாமல்லபுரக் கரையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் கரையேறிவிடும், சன்னல்கள் சாத்தப்படும், கோடையில் திண்ணையிலும் மணலிலும் உறங்கிய பாட்டனும் பேரனும் ஓரறையிற் படுப்பர். அறிஞர் கூறும் காரணங்களுள் இஃதொன்று.

ஆதலின் தடுப்பூசிக்குரிய நாளைத் தில்லியின் காலக்கணக்கைப் பார்த்துக் குறித்தல் நமக்குப் பொருந்தாது என்பேன். ஊசியின் காப்பு உருவாக இரு வாரமாகும். பின்னர்த் திங்கள்தோறும் அது தேயும். சித்திரையில் இட்ட ஊசி ஐப்பசியில் வலிகுன்றி நிற்கும். முதியோர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் புரட்டாசியில் இடுதலே முறை. ஏரிக்கரையை அடைமழைக்கு முன்னரே பலப்படுத்தும் ஊரார்க்கு இதனை விளக்குதல் அரிதன்று. மழை விட்ட நேரத்திற் சன்னலைத் திறக்கச் சொன்னாற்றான் நம் பாட்டிமார் சினப்பர். ஆயினும் திறக்கவே வேண்டும்.