நல்லாத்தானே டைட் வெச்சோம்... அப்புறம் ஏன் சக்கரம் சூடாகுது? | வண்டி வாசல் - 23

போடிநாயக்கனூரிலிருந்து போடி மெட்டு ஏறும் மலைப்பாதையை அதிகாலையில் பார்த்திருக்கிறீர்களா மக்களே? விடியும் முன்பே ஜீப்புகள் வரிசையாக ஏறத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், கேரளா பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அக்காக்கள், அம்மாக்கள். அந்த வரிசையில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் என் மாமாவுடையது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா முகமே சரியில்லை. "வண்டிய குடுத்துரலாம்னு இருக்கேன் தாயி" என்றார். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்?

விஷயம் இதுதான். மூன்றே மாதத்தில் முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங் இரண்டு முறை போய்விட்டது. இரண்டாவது முறை நடந்தது மலைப்பாதையில், பாதி ஏற்றத்தில். கிரீஸ் கருகும் வாசனை வர, வளைவில் ஓரங்கட்டியிருக்கிறார். ஹப் பக்கமிருந்து லேசாகப் புகை. உள்ளே ஒன்பது பெண்கள். அவர்களை வேறு ஜீப்பில் ஏற்றிவிடுவதற்குள் வேலை நேரம் தாண்டிவிட்டது. அன்று அவர்களுக்கு அரை நாள் கூலி போச்சு. "அத விடு, எறக்கத்துல நடந்திருந்தா?" என்று மாமா கேட்டபோது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் தடவை, 'பேரிங் மட்டமான சரக்கு' என்று நினைத்து, விலை கூடின பேரிங்காக வாங்கிப் போட்டிருக்கிறார். அதுவும் போனதும்தான் மனசு விட்டுப்போயிருக்கிறது. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன்பு, முனை மழுங்கிப்போன ஹப் நட்டுகளை ஒரு கடையில் மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி நட் கிடைக்கவில்லை என்று வெளிமார்க்கெட் நட் போட்டார்களாம்.

"நட்டுல என்னா இருக்கு? டைட்டா இருந்தா சரிதான?" - இது மாமா.

அங்கேதான் கதையே இருக்கிறது!

சக்கரத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

பழைய ஜீப், லாரி, பஸ், டிராக்டரின் முன் சக்கரம், டிரெய்லர் போன்றவற்றில் பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங்தான் இருக்கும். ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்த உருளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உள்வளையத்தை மெக்கானிக்குகள் 'கோன்' என்பார்கள். அது போய் உட்காரும் வெளிவளையம் 'கப்'. ஒரு ஹப்பில் இப்படி இரண்டு ஜோடி, எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருக்கும். நேரே இறங்கும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இரண்டும் சேர்ந்து தாங்கும். அமெரிக்காவில் வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் இந்த வகை பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் லாரி சக்கரத்துக்குள் ஓடுவது அதே யோசனைதான்.

இதில் ஒரு சங்கதி. கோனும் கப்பும் எவ்வளவு நெருங்கி உட்கார வேண்டும் என்பதை பேரிங் தானாக முடிவு செய்யாது. ஸ்பிண்டில் முனையில் இருக்கும் நட்தான் முடிவு செய்யும். நட்டை உள்ளே திருகினால் கோன் கப்பை நோக்கி நகரும். இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமல் போகும். அதற்கு மேலும் திருகினால் உருளைகள் மீது அழுத்தம் ஏறும். வண்டியின் பாரம் வருவதற்கு முன்பே பேரிங் சுமக்கும் இந்த அழுத்தத்தைத்தான் 'ப்ரீலோட்' என்கிறார்கள். இடைவெளி இருந்தால் அது 'எண்ட் ப்ளே'. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக, 'ஆட்டம்'.

ஆட்டம் அதிகமானால் சக்கரம் தள்ளாடும், பாரம் சில உருளைகள் மேல் மட்டும் விழும், சீல் கெட்டு கிரீஸ் கசியும். ப்ரீலோட் அதிகமானால் உராய்வில் சூடு, சூட்டில் கிரீஸ் கருகல், கருகியபின் உலோகத்தோடு உலோகம். முற்றினால் பேரிங் இறுகி, சக்கரமே கழன்று ஓடும் அளவுக்குப் போகலாம்.

'அப்போ சரியா பூஜ்யத்துல வெச்சா போச்சே' என்று தோன்றும். உண்மையில், லேசான ப்ரீலோடில்தான் பேரிங்குக்கு ஆயுசு அதிகம். ஆனால், அந்தப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டினாலும் ஆயுள் சரசரவென்று சரியும். ஆட்டம் பக்கம் கொஞ்சம் தள்ளிப்போனால் இழப்பு மெதுவாகத்தான் இருக்கும். கையால் செட்டிங் வைக்கும் இடத்தில் அவ்வளவு துல்லியம் கிடைப்பது கஷ்டம் என்பதால், மயிரிழை ஆட்டம் விடுவதே பாதுகாப்பு.

மயிரிழை என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. அமெரிக்க லாரித் துறையின் பராமரிப்பு அமைப்பான டி.எம்.சி., கனரக லாரிகளுக்குச் சொல்லும் எண்ட் ப்ளே அளவு 0.001 முதல் 0.005 அங்குலம். அதாவது, 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே இந்த எல்லைக்குள்தான் வரும்!

புகை வந்த காரணம்

போடியில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். எழுபதை நெருங்குகிறார். வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏத்தத்துல சூடாச்சா, எறக்கத்துலயா?"

"ஏத்தத்துலண்ணே."

"அப்ப பிரேக் புடிச்ச சூடு இல்ல. வேற ஆளு" என்றபடி ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஷூ டிரம்மில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, அதையும் தளர்த்தினார். பிரேக் உரசிக்கொண்டிருந்தால், அந்த இழுவையை பேரிங் இறுக்கம் என்று கை ஏமாந்துவிடுமாம்.

கழற்றிய கோனை மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார். உருளைகள் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறியிருந்தன. "பேரிங்க கொற சொல்லாதீங்க. நெருக்கியே கொன்னுருக்கீங்க" என்றார்.

அடுத்து அவர் செய்து காட்டியதுதான் இந்த வார 'வண்டி வாசல்'.

புது பேரிங்கில் கிரீஸை உருளைகளுக்கு இடையே போய்ச் சேரும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றினார். ஹப்பை மாட்டி, உள் நட்டை இறுக்கிக்கொண்டே சக்கரத்தை இரண்டு பக்கமும் சுற்றினார். சுற்றினால்தான் உருளைகள் ஒழுங்காகத் தன் இடத்தில் உட்காருமாம். சக்கரம் லேசாகப் பிடித்ததும், நட்டை ஆறில் ஒரு சுற்று பின்னால் விட்டார். பழைய ஜீப்களுக்குச் சொல்லப்படும் கணக்கு அது. சக்கரம் வழுவழுவென்று சுற்றியது. டயல் கேஜை வைத்து ஹப்பை முன்னும் பின்னும் அசைத்தார். முள் 0.10 மில்லிமீட்டர் காட்டியது.

"சரியா இருக்கா? உங்க கடைக்காரரும் இதுவரைக்கும் சரியாத்தான் செஞ்சிருப்பாரு. இப்பப் பாரு தாயி."

லாக் வாஷரைப் போட்டு, வெளி நட்டை வைத்து நன்றாக இறுக்கினார். "சுத்து."

சுற்றினேன். சக்கரம் கனத்திருந்தது. டயல் கேஜ் முள் அசையவே இல்லை!

என்ன நடந்தது? எந்த நட்டுக்கும் ஸ்பிண்டில் மரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். வெளி நட் இறுகும்போது, உள் நட்டை அந்த இடைவெளி அளவுக்கு உள்ளே தள்ளிவிடும். நல்ல நட்டில் இந்தத் தள்ளல் மிகக் குறைவு. மாமா வண்டியில் இருந்த வெளிமார்க்கெட் நட்டுக்கு மரை லூஸ். கையால் ஆட்டினாலே 'லொட லொட' என்றது. விட்ட ஆட்டம் மொத்தத்தையும் அந்தத் தள்ளலே விழுங்கி, அதற்கு மேல் ப்ரீலோடும் ஏற்றிவிட்டது. பூட்டுவதற்கு முன் பார்த்தவருக்கு எல்லாம் சரி. பூட்டிய பிறகு யாருமே பார்க்கவில்லை. அவ்வளவுதான் பிழை.

கடைசியில் வேறு நட் ஜோடி தேடி, ஸ்பிண்டிலில் கையாலேயே சீராக ஏறுகிறதா, ஆட்டம் இல்லாமல் உட்காருகிறதா என்று பார்த்து வாங்கினோம். அதைப் போட்டு, வெளி நட்டைப் பூட்டிய பிறகு மறுபடி அளந்தார். 0.08 மில்லிமீட்டர். புது லாக் வாஷரின் நாக்கை மடக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

வெளிமார்க்கெட் நட் போடுகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

வெளிமார்க்கெட் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல தயாரிப்புகளும் நிறைய இருக்கின்றன. ஆனால், நட் மாறினால் பழைய கணக்கும் மாறலாம்.

* மரை இடைவெளி: 1.5 மி.மீ. பிட்ச் உள்ள நட்டை கால் சுற்று விட்டால் 0.375 மி.மீ. பின்னால் வரும். ஆறில் ஒரு சுற்று என்றால் 0.25 மி.மீ. இதில் முதல் பகுதி ஏற்கெனவே இருந்த இறுக்கம் விடுபடவே போய்விடும், மிச்சம்தான் ஆட்டம். 'கால் சுற்று விடு' என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான மந்திரம் இல்லை. உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு.

* பூட்டும் படி: காட்டர் பின் போடும் ஆறு வெட்டு நட்டும், ஸ்பிண்டிலில் ஒரே துளையும் இருந்தால், 60 டிகிரிக்கு ஒருமுறைதான் பூட்ட முடியும். வெட்டு துளைக்கு நேராக வரவில்லை என்று நட்டை இன்னும் இறுக்கிப் பின் போடுவது தப்பு. மேனுவல் வேறு மாதிரி சொல்லாவிட்டால், தளர்த்தும் பக்கம் உள்ள வெட்டில் பூட்டி, ஆட்டம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

* நட்டின் முகம்: வாஷரில் உட்காரும் பக்கம் மரைக்குச் செங்குத்தாக, சமமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும்.

* ஒற்றை நட் வகை: தன்னோடே பூட்டு கொண்ட ஒற்றை நட்டுகளும் விற்கின்றன. அவற்றுக்கான செட்டிங் முறை அந்த பெட்டியிலேயே வரும். இரட்டை நட் பழக்கத்தில் கை போன போக்கில் வைக்காதீர்கள்.

* கடைசி அளவு: எந்த நட்டாக இருந்தாலும், முழுதாகப் பூட்டிய பிறகு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். புது கப் போட்டிருந்தால், அது ஹப்பில் முழுதாக உட்காராமல் இருந்து பின்னால் இறங்கலாம். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் பாருங்கள்.

ஆட்டம் பேரிங்கிலா, கிங்பின்னிலா?

தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால், உடனே பேரிங் மீது பழி போடாதீர்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்போதும் ஆடினால் கிங்பின் பக்கம் பாருங்கள்.

என் கார்ல இந்தத் தொல்லை உண்டா?

இன்றைய பெரும்பாலான கார்களில் சீல் செய்த பேரிங்தான். அதன் ப்ரீலோட் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். அங்கே நட்டின் வேலை, வளையங்களைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது. எனவே, 'இறுக்கிவிட்டுக் கொஞ்சம் லூஸ் விடு' என்ற ஜீப் கணக்கு கார் பக்கமே வரக் கூடாது. மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு, டார்க் ரென்ச்சில்தான் முடிக்க வேண்டும். நட்டை முழுதாக இறுக்கும் முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கினால் புது பேரிங்கே கெடலாம். உளி வைத்து ஓரத்தை மடக்கும் வகை நட் என்றால், கழற்றிய நட்டைத் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள்.

வேகம் கூடக் கூட 'ஊ...' என்ற முனகல் கூடுகிறதா? வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் சத்தம் மாறுகிறதா? ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா? ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சூடாகிறதா? ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்பேனரோடு இறங்க வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

மாமா வண்டியை விற்கவில்லை. தோட்டத்து வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, நான்கு சக்கரத்து ஹப் பக்கத்திலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கூலி இழந்த அக்கா ஒருவர் தினமும் பக்கத்தில் நின்று, "என்னாண்ணே, காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாராம்.

"இல்ல ஆத்தா, நல்லாருக்கு" என்கிறாராம் மாமா.

உங்கள் வண்டியின் சக்கரம் உங்களைப் படுத்திய கதை இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது ஏன் என்று பார்ப்போம்!