ஏழா, எட்டா?

புனே திலக் சாலையில் பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் எல்லாரும் இப்போது ஓர் இலக்கத்தைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். மேசையில் இரண்டு திங்க்பேட் கிடக்கும். ஒன்று டி470, இன்னொன்று டி480. ஐ.டி. நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்தவை. இரண்டும் அதே கறுப்பு, விசைகளுக்கு நடுவே அதே சிவப்புக் குமிழ். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலாவதில் ஐ5-7300யு, இரண்டாவதில் ஐ5-8350யு. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் எட்டாக இருந்தால் விண்டோஸ் 11 ஏறும். ஏழு என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது செல்லாக்காசு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், ஏழாம் தலைமுறையைச் சீந்துவாரில்லை.

கடிதம் அடிக்க, கணக்குப் போட, படம் பார்க்க அந்த ஏழு இன்றைக்கும் தாராளமாகப் போதும். அதன் உடம்பில் ஒன்றும் கெடவில்லை. ஒரு நிறுவனம் ஒரு கோடு போட்டது, இது கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். சிப் மாறும் காலத்தில் லேப்டாப் வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் புதுச் சிப்பின் வேகத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் விசாரிப்பது வேறு: பழையதை யார், எது வரைக்கும் தாங்கப் போகிறார்கள்?

இந்தப் பத்தியை அடிக்கும் என் மேக்புக் ஏர், இன்டெல் சிப் உள்ள 2020 மாடல். ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்ததும் வாங்கியது. அந்த ஜூன் மாதம்தான் ஆப்பிள், இன்டெல்லை விட்டுவிட்டுச் சொந்தச் சிப்புக்கு இரண்டு வருடத்தில் மாறப்போவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 ஏர் 92,900 ரூபாய்க்கு வந்தது, கிட்டத்தட்ட நான் கொடுத்த அதே விலை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் கையில் வேலை இருந்தது, கணினி இல்லை. நவம்பர் வரை வேலை காத்திருக்காது.

போன மாதம் பேட்டரி உப்ப ஆரம்பித்துவிட்டது. திலக் சாலையில் ஒரு மாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். பையன் ஐந்து முனை நட்சத்திரத் திருப்புளியால் அடிப்பலகையைக் கழற்றி, விளக்கைக் கிட்டே இழுத்துக் காட்டினான். "தாயி, இந்த ஃபேனைப் பாருங்க. சிப்போட இதுக்குத் தொடர்பே இல்ல." உண்மைதான். சிப்பின் மேல் ஓர் உலோகத் தகடு. அதைத் தாண்டி மூலையில் விசிறி. இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய் கிடையாது. விசிறி பெட்டிக்குள் பொதுவாகக் காற்றை ஓட்டுகிறது, சிப் தன்பாட்டுக்குக் கொதிக்கிறது. புனேயின் ஏப்ரல் வெயிலில் நாலு பேரோடு வீடியோ பேசினால் மடியில் வைக்க முடியாது. அடுத்து வந்த எம்1 ஏரில் விசிறியே இல்லை, தேவைப்படவும் இல்லை. புதுச் சிப்பின் அருமைக்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

ஆனாலும் மாற்றவில்லை. நினைவகம், சேமிப்பகம் இரண்டும் பலகையோடு பற்றவைத்தவை. மாற்றக்கூடியது பேட்டரி ஒன்றுதான், அதை மாற்றிக்கொண்டேன். கணக்கு இப்படிப் போனது. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி, அதுவும் நான்கே நான்கு மாடல்களுக்கு. என் ஏர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய சிக்கோயாவோடு இது நின்றுவிட்டது. ஆனால் முந்தைய இரண்டு பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்துக்கொண்டிருப்பது ஆப்பிளின் வழக்கம். வழக்கம் மாறாவிட்டால் 2027 தீபாவளி வாக்கில்தான் எனக்கு நெருக்கடி. அதுவரை எழுதுவதற்கு இது போதும்.

ஆப்பிளின் வழக்கத்தை நம்பலாமா என்றால், பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கு மாறுவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தது 2005 ஜூனில். ஜி5 சிப் அத்தனை சூடு. அதை லேப்டாப்புக்குள் அடைக்கக் கடைசிவரை முடியவில்லை. பவர்பிசி மேக்குகளைக் கைவிட்ட ஸ்னோ லெபர்ட் 2009 ஆகஸ்டில் வந்தது. ஆக, நாலு வருடம். இந்த முறை 2020 ஜூனில் அறிவித்து, இன்டெல்லை முழுதாக விடும் பதிப்பு 2026இல் வருகிறது. ஆறு வருடம். கொஞ்சம் தாராளம்தான்.

புதியதை வாங்கியவருக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருள் எம் வரிசைச் சிப்பில் ஓடுவது ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளர் உள்ளே இருப்பதால். முந்தைய மாற்றத்திலும் இதே பெயரில் ஒருவர் இருந்தார். 2006இல் வேலைக்குச் சேர்ந்தவரை 2011இல் லயன் பதிப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதைய ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரை முழுதாக இருக்கும், அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்காக மட்டும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. உங்கள் பிழைப்புக்கான மென்பொருளைச் செய்தவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்றால், புத்தம்புது மேக் வைத்திருந்தும் மாட்டிக்கொள்வீர்கள்.

இதையெல்லாம் புனேயில் உட்கார்ந்து பேசிவிட்டு சி-டாக்கைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கா கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தரத் தயங்கியதை ஒட்டி, 1988இல் விஜய் பட்கர் தலைமையில் இங்கே தொடங்கியது அந்த நிறுவனம். அங்கே 1991இல் வந்த பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரின் உயிர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்ற சிப். ஒவ்வொரு சிப்பிலும் நான்கு இணைப்புகள் கூடவே பிறந்திருக்கும். பக்கத்துச் சிப்போடு நேரே கோத்துக்கொண்டே போகலாம். அறுபத்து நாலைக் கோத்துத்தான் பரமைக் கட்டினார்கள். அதற்கென்றே ஆக்கம் என்ற நிரல்மொழியும் இருந்தது. அதே 1991இல் இன்மாஸ் அடுத்த சிப்பை அறிவித்தது: டி9000, பழையதைப்போலப் பத்து மடங்கு வேகம் என்ற வாக்குறுதியோடு. அது வருடக்கணக்கில் தள்ளிப்போனது, சொன்ன வேகத்தை எட்டவில்லை, கடைசியில் கைவிடப்பட்டது. 'அடுத்தது வரட்டும்' என்று உட்கார்ந்திருந்தவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சி-டாக் உட்கார்ந்திருக்கவில்லை. 1994இல் வந்த பரம் 9000, எந்தச் சிப்பையும் பொருத்திக்கொள்ளும்படி அமைந்த சட்டகம். சன் நிறுவனத்தின் ஸ்பார்க்கும் அதில் ஏறியது, டெக் நிறுவனத்தின் ஆல்ஃபாவும் ஏறியது. 1998இன் பரம் 10000இல் அல்ட்ராஸ்பார்க். அடுத்து வந்த பரம் பத்மாவில் ஐபிஎம் பவர்4. 2008இல் பரம் யுவா, இன்டெல் ஜியான். 2020இல் பரம் சித்தி, ஏஎம்டியும் என்விடியாவும். பரம் என்ற பெயர் மட்டும்தான் மாறவில்லை. இப்போது ஆர்ம் வகையில் 'ஓம்' என்று சொந்தமாகவே ஒரு சிப்பை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை முறை தாவ அவர்களால் எப்படி முடிந்தது? மூலநிரல் அவர்கள் கையில் இருக்கிறது. சிப் மாறினால் நிரலைத் திருத்தி, திரும்பத் தொகுத்து, ஓட்டிப் பார்ப்பார்கள். கஷ்டமான வேலைதான், ஆனால் வேலைதான். நம் நிலை அப்படியா? என் மேசையில் இருக்கும் ஸ்கேனரின் மூலநிரல் என்னிடம் கிடையாது. அதைச் செய்தவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சிப் மாற்றம் நமக்கு அடுத்தவர் தயவு.

அதே சி-டாக்கின் இன்னொரு சரக்கு இதற்கு நேர் உதாரணம். ஜிஸ்ட் கார்டு என்று ஒன்று விற்றார்கள். டாஸ் காலத்துக் கணினியைத் திறந்து உள்ளே செருகினால் டிபேஸிலும் லோட்டஸிலும் தமிழோ மராத்தியோ அடிக்கலாம். அரசு அலுவலகங்களில் அதற்குப் பெரிய மரியாதை. விண்டோஸ் வந்ததும் எழுத்து வரையும் வேலை மென்பொருளுக்குப் போய்விட்டது. அட்டைக்கு வேலையும் இல்லை, கொஞ்ச காலத்தில் செருகும் இடமும் இல்லை. பிறகு யூனிகோடு வந்து, தமிழ் இயங்குதளத்தோடேயே வர ஆரம்பித்தது. மேக்கில் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் உள்ளேயே இருப்பதால், நாளைக்கே நான் சிப் மாறினாலும் தமிழ் அடிப்பதில் ஒரு மாற்றமும் தெரியாது. தமிழுக்குத் தனி மென்பொருள் நிறுவி, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பேஜ்மேக்கர் 7 ஓட்டிக்கொண்டிருக்கும் டிடிபி கடைக்காரர்கள்தான் புதுக் கணினிக்குக் காசு கொடுக்கும் முன் நாலு தடவை யோசிக்க வேண்டும். அது 2001இல் வந்த மென்பொருள், ஐயா.

பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறையும் என்று லேப்டாப் வாங்காமல் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஏசியும் பெரிய டிவியும் 28லிருந்து 18க்கு இறங்கின; லேப்டாப் ஏற்கெனவே 18இல் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. வருடக் கடைசியில் ஏஐ மையங்கள் அள்ளிக்கொண்டு போனதில் நினைவகத்தின் விலை ஏறியது. நம் ஊர்க் கடைகளில் எல்லாம் தொங்கும் குரூஷியல் ராமை, மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் நிறுத்துவதாகவே அறிவித்துவிட்டது. கழற்றி மாட்டும் வகை ராம் உள்ள கணினி உங்களிடம் இருந்தால், யோசனையைத் தள்ளிப்போட்டாலும் ராமைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளையைப் பொறியியலில் சேர்த்தவர்களுக்கு ஒரே வரி: வாங்கும் முன் துறையில் என்ன மென்பொருள் என்று கேளுங்கள். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான், எம் வரிசை மேக்கில் பூட் கேம்ப் கிடையாது.

எங்கள் மேல்மாடியில் ஒரு மராத்தி வரி ஆலோசகர். எழுபதைத் தாண்டியவர், எல்லாருக்கும் காகா. ஏழாம் தலைமுறைக் கணினியோடு மாட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். மகன் அமெரிக்காவிலிருந்து, ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்பைத்தான் வாங்க வேண்டும், சார்ஜ் நாள் முழுக்க நிற்கும் என்று தினமும் போனில் ஓதிக்கொண்டிருந்தான். பையன் சொல்வது பொய்யில்லை. 2024 ஜூனிலிருந்து வரும் அந்த ஆர்ம் லேப்டாப்புகள் பேட்டரியில் கெட்டிக்காரர்கள். இன்டெல்லுக்கு எழுதிய செயலிகளைப் ப்ரிசம் என்ற மொழிபெயர்ப்பாளர் அனேகமாக ஓட்டிவிடுவார். ஆனால் டிரைவர்களை அவர் தொடமாட்டார். இயங்குதளத்தின் அடிவயிற்றில் ஓடும் டிரைவர் என்றால் ஆர்முக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும்.

"காகா, உங்க பிரிண்டருக்கு ஆர்ம் டிரைவர் இருக்கா?" என்று கேட்டேன். அவருடைய லேசர் பிரிண்டர் பதினைந்து வருடமாக அசராமல் உழைப்பது. கூடவே வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கன்கள், ஒரு டப்பா நிறைய.

"அது எனக்கெப்படித் தெரியும்? கடைக்காரனுக்குத்தான் தெரியணும்."

கடைக்காரருக்கும் தெரியவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது; அதைப் பற்றி விவாதமும் வேண்டாம்' என்று புனே பாணியில் ஒரு பலகை மட்டும் தலைக்கு மேல் தொங்கியது. காகாவும் புனேக்காரர்தானே. மறுநாள் காலை பிரிண்டரைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போய்விட்டார். மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடினால் நாலுக்குத்தான் திறப்பார்கள் என்பதால் பதினோரு மணிக்கே போனார். கூட நானும். ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் கேபிளைச் செருகினார்கள். பிரிண்டரின் பச்சை விளக்கு எரிந்தது, திரையில் 'டிரைவர் கிடைக்கவில்லை' என்று வந்தது. உற்பத்தியாளரின் தளத்தில் தேடினால் விண்டோஸ் 7 வரைக்கும் வரிசையாக இருக்கிறது, ஆர்ம் என்ற சொல்லே இல்லை. டோக்கன் டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் இருந்த இன்டெல் லேப்டாப்பில் செருகியதும், கொஞ்சம் முனகிவிட்டு, சோதனைத் தாள் வெளியே வந்தது. காகா அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைச் சரிபார்த்தார். விலை நாலாயிரம் கூட, பேட்டரி அவ்வளவு நேரம் நிற்காது என்று கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார். "நான் எங்கே ஐயா நாள் முழுக்க ஊர் சுற்றுகிறேன்? பிளக் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டார். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. பிரிண்டருக்கு என்று ஆட்டோக்காரர் தனியாக முப்பது ரூபாய் கேட்டதைத்தான் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.