விலாசம் எழுதாத பெட்டி

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை என்ற நினைப்புதான்.

போன வருஷம் 'ஃபயர்வால்' என்று ஒரு பாதுகாப்புப் பெட்டி வாங்கினோம். பொருத்த வந்த பையன் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். நெட் கம்பெனி ரூட்டரும் 192.168.1.1, இந்தப் பெட்டியும் அதே எண். அதை மட்டும் மாற்றினான். மாற்றாவிட்டால் நெட் வராது, பில்லுக்குப் பணமும் வராது! கேமராக்கள், அலுவலகக் கம்ப்யூட்டர், விருந்தாளிகளின் வைஃபை எல்லாம் ஒரே ஸ்விட்சில். "விலாசமெல்லாம் எங்கே தம்பி எழுதியிருக்கிறது?" என்றேன். "அது ஆட்டோமேட்டிக் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றான். நானும் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நாள் நீண்ட மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் பெட்டி பழைய கணக்கை மறந்து, கேட்டவருக்குக் கேட்ட வரிசையில் புது எண்களைக் கொடுத்தது. பதிவுக் கருவியோ கேமராக்களைப் பழைய எண்களிலேயே தேடிக்கொண்டிருந்தது. பதினோரு நாள் ஒரு படமும் பதிவாகவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போனது. பார்க்கப் படம் இல்லை. சந்தேகம் முழுக்க வாட்ச்மேன் மேல் விழுந்தது. ஆறு வருஷம் வேலை பார்த்த மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு 'டெக்னிக்கல் பிராப்ளம்' என்று பெயர் வைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது சோம்பேறித்தனம். அதில் என் பங்கும் உண்டு.

செய்திருக்க வேண்டியது என்ன? 192.168.1 என்ற வரிசையில் கருவிகளுக்குக் கொடுக்க 254 எண்கள் இருக்கின்றன. 100 முதல் 199 வரை வருவோர் போவோருக்கு என்று ஒதுக்கலாம். கேமராவுக்கும் பதிவுக் கருவிக்கும் 100-க்குக் கீழே நிரந்தர எண் கொடுக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

அதைவிட முக்கியம் ஸ்விட்ச். ஒரே ஸ்விட்சில், ஒரே வரிசையில் உள்ள கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஃபயர்வாலின் விதிகள் அந்தப் பேச்சைப் பார்ப்பதே இல்லை. வாசலில் காவல் போட்டுவிட்டு, உள்ளே எல்லா அறைக் கதவையும் திறந்து வைத்தது மாதிரி. கேமராவுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று வி-லேன் பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக விதி போட வேண்டும். செய்யாவிட்டால் பாதுகாப்புப் பெட்டி என்ற பெயர் எதற்கு?

"கம்பெனி கொடுத்தபடி விட்டால்தான் சார் சிக்கல் வராது" என்கிறார்கள். 2016-இல் 'மிராய்' என்ற வைரஸ் உலகமெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான் அதற்குக் கிடைத்த சாவி. கம்பெனி கொடுப்பது பெட்டியைத் திறந்து பார்க்க. அதை வைத்துக் குடித்தனம் நடத்த அல்ல.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் காயேயைத் திறந்ததும் முதலில் தேதி, பிறகு மார்ஜின். இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் வாத்தியார் திருப்பிவிடுவார். அப்போது கோபம் வரும். பிறகு அரசாங்க அலுவலகத்தில் பதிவேட்டில் ஏறாத தபாலைத் தேடி அலைந்தபோதுதான் அவர் அருமை புரிந்தது.

இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. எந்த போர்ட்டில் எந்தக் கருவி, அதன் எண் என்ன, கடைசியாக மாற்றியவர் யார், தேதி என்ன, எல்லாம் என் கையெழுத்தில். பாஸ்வேர்டும் அமைப்பின் நகலும் சங்கத்தின் பீரோவில், உறையில்.

வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க ஐயா" என்றார். திரும்பி வரவில்லை.

நண்பர்களே, உங்கள் குடியிருப்பிலும் பெட்டி இருக்கும். அந்தப் பக்கம் நிரம்பும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.