கடைசி இலைக்கும் எட்டிய நான்கு மணி நேரம்



ஒரு குடும்பம் எதை மேலாக மதிக்கிறது என்பதை அறிய, அதன் மாலை நேரம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். நேரப் பங்கீடு என்பது ஒரு சாட்சி. இது வீட்டுக்கும் சபைக்கும் பொருந்துவது போலவே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் பொருந்தும். ஓராண்டு மட்டுமே நடந்து நின்றுபோன ஓர் இந்திய ஒளிபரப்பின் நிகழ்ச்சி நிரலை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கி 1976 ஜூலை 31ஆம் தேதி முடிவுற்ற அந்த முயற்சியின் பெயர் ‘சைட்’. செயற்கைக்கோள் வழியாகக் கல்வி புகட்டும் சோதனை அது. அன்று நமக்குச் சொந்தமாக ஒளிபரப்புச் செயற்கைக்கோள் கிடையாது. 1969இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அமெரிக்காவின் நாசா நிறுவனம் தன் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு நமக்கு இரவல் தந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேர்மேலே அது நகர்த்தி நிறுத்தப்பட்டது. இஸ்ரோவும் அகில இந்திய வானொலியும் இணைந்து இப்பணியை மேற்கொண்டன. யூ.எச்.எஃப். எனப்படும் அலைவரிசையில், 860 மெகாஹெர்ட்ஸில் படம் இறங்கியது. ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள கம்பிவலை ஆன்டெனா ஒன்று ஊரில் நிறுத்தப்பட்டு அதை ஏந்திக்கொண்டது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் இதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டன. ஊருக்கு ஒரு பெட்டி. அதன் முன்னே ஊரே அமர்ந்தது.

அந்த நிரலைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு மொத்தம் நான்கு மணி நேரம். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. காலையின் 90 நிமிடங்கள் இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்ற நான்கு மொழிகளுக்கும் சமமாய்ப் பகிரப்பட்டன. ஒவ்வொரு மொழிப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடம். மாலையில் அரை மணி நேரம் எல்லாருக்கும் பொதுவானது. மீதி நேரத்தில் வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, உடல்நலம், குடும்பநலம் முதலியவை அந்தந்த மொழியில் வந்தன. ஒரே படத்தோடு இரண்டு மொழிகளின் ஒலியை அனுப்பும் வசதியும் அந்த அமைப்பில் இருந்தது.

இருபத்திரண்டரை நிமிடம்! அந்த அரை நிமிடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. விருந்துப் பந்தியில் முதல் இலைகளுக்கு அள்ளிப் போட்டுவிட்டுக் கடைசி இலைக்குக் கையை விரிப்பவர் உண்டு. கடைசி இலைவரை எண்ணிப் பார்த்து அளந்து பரிமாறுகிறவரும் உண்டு. இந்த நிரலை எழுதியவர்கள் இரண்டாம் வகையினர். குறைவாக இருந்தபடியால்தான் அளந்தார்கள். அளந்தபடியால்தான் ஒருவரும் விடுபடவில்லை.

அதே ஆகஸ்டு மாதம் 15ஆம் தேதி நம் சென்னையிலும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அது கோபுரத்திலிருந்து நகரத்துக்கு ஒளிபரப்பிய நிலையம். பெட்டி வாங்க வசதியுள்ள வீட்டுக்கு முதலில் வந்தது. அண்டை வீட்டார் திண்ணையிலும் சன்னலோரத்திலும் நின்று பார்த்த காலத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். உலகில் புதிய வசதி எதுவும் வழக்கமாகப் பயணம் செய்யும் பாதை இதுதான்: முதலில் நகரம், பிறகு பேரூர், கடைசியில் குக்கிராமம். ‘சைட்’ அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. நம் தமிழகக் கிராமங்கள் அந்த ஆறு மாநிலங்களில் இல்லை என்பது நமக்கு ஒரு குறையே. ஆயினும் பின்தங்கிய ஊர்களுக்கு முதலிடம் என்ற அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

இதற்கு இன்னொரு சான்று கொழும்பில் இருந்தது. நிலையான சுற்றுப்பாதையில் நிறுத்தும் கோள்கள் வழியாக உலகெங்கும் ஒளிபரப்பலாம் என்று 1945லேயே எழுதிய ஆர்தர் கிளார்க் அங்கே வசித்துவந்தார். இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டில் ஓர் ஆன்டெனாவை அமைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கருத்தின் தந்தை தம் வீட்டிலிருந்து கண்டதெல்லாம் உழவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என்று வகுக்கப்பட்டவையே. பெரியவர் பார்க்கிறார் என்பதற்காக நிரல் மாறவில்லை.

குறித்த நாளில் எல்லாம் முடிந்தது. கோள் மீண்டும் அமெரிக்கப் பக்கம் நகர்த்தப்பட்டது. பின்னர் ஜெய்ப்பூர், ராய்ப்பூர், குல்பர்கா, சம்பல்பூர் முதலிய இடங்களில் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் அமைக்கப்பட்டு, அந்தக் கிராமங்களில் ஒரு பகுதிக்கு ஒளிபரப்பு திரும்பக் கிடைத்தது. மற்றவை காத்திருந்தன. நம் நாட்டுக்கென்று இன்சாட்-1பி விண்ணில் ஏறியது 1983இல்தான்.

“ஓராண்டு காட்டிவிட்டு நிறுத்துவதற்குக் காட்டாமலே இருந்திருக்கலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். இக்கேள்வியை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். எளியவரிடம் ஒரு நன்மையைத் தொடங்கி, அடுத்த நாளுக்கு வழி வைக்காமல் எழுந்து போவது அநியாயம். முடிவு நாள் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தபோது, எல்லாக் கிராமங்களுக்கும் மறுநாளை ஆயத்தப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் குறுகியது என்பதாலேயே அப்பணி வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டு முழுவதும் ஒரு சிற்றூர்ப் பிள்ளை தன் மொழியில், தன் வகுப்பறையில், தனக்கென்றே செய்யப்பட்ட பாடத்தைக் கண்டது. அந்த இருபத்திரண்டரை நிமிடத்தை எவரும் அதனிடமிருந்து திரும்ப வாங்க முடியாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று நம் கையிலுள்ள திரைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. “இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் முடிவடைகின்றன” என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நமது மாலைக்கான நிரலை யாரோ எங்கிருந்தோ வகுக்கிறார்கள். அதில் நம் பிள்ளைக்கோ வயதான தாய்க்கோ பங்கு ஒதுக்கப்படுவதில்லை. அலுவலகம் முடிந்து, போரூர் நெரிசலைக் கடந்து ஐயப்பன்தாங்கல் வந்து சேரும்போது பலருக்கு இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. உறங்குமுன் எஞ்சுவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவ்வளவு சிறிய பானையில் இருப்பதை அளக்காமல் பரிமாறினால், கடைசி இலை காலியாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அந்தக் கடைசி இலை யாருடையது?

சபைக்கும் இதையே சொல்லுகிறேன். நம் கூடுகைகளின் நேரத்தை யாருடைய வசதிக்கேற்பக் குறிக்கிறோம்? இரவுப் பணிக்குச் செல்லும் காவலாளியையும், விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் புறப்படும் சகோதரியையும் எண்ணிக் குறிக்கிறோமா? நிரலில் அவர்களுக்கு இடமில்லையெனில், “எல்லாரும் வாருங்கள்” என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதால் பயன் என்ன?

பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டின் மாலை நிரலை எழுதுங்கள். பிள்ளைக்கு எத்தனை நிமிடம், பெற்றோருக்கு எத்தனை, பக்கத்து வீட்டு முதியவருக்கு எத்தனை என்று பெயரிட்டு எழுதுங்கள். இருபது நிமிடமானாலும் அது முழுவதும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நமக்கு அளிக்கப்பட்ட ஆண்டுகளும் இரவல்தான். திருப்பிக் கொடுக்கும் நாள் மட்டும் நமக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. ஆகையால் இன்றே அளந்து பரிமாறுவோம்.

கர்த்தர் உங்கள் மாலை நேரங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.