பாசியின் வரவு மட்டும் போதுமா?

கொரட்டூர் ஏரி பச்சையாகக் கிடந்தால் பேசுவதற்கு இரண்டு கட்சி வந்துவிடும். "பாசிதானே, கரியமில வாயுவை எடுத்துக்கிட்டு ஆக்சிஜன் தருது, நல்லதுதான்" என்பது ஒன்று. "வலை போட்டு அள்ளிட்டா தண்ணி சுத்தம்" என்பது இன்னொன்று. (ஆகாயத்தாமரை வேறு, பாசி வேறு. அதையும் சேர்த்தே குழப்புவார்கள்.) இரண்டு கட்சியும் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடிவிடுகின்றன.

செலவு எங்கே? ஆய்வகக் குடுவையில் வளர்க்கும் குளோரெல்லாவிடம் இருக்கிறது பதில். ஒளிச்சேர்க்கை நடக்கும்போதே இந்தப் பச்சைப்பாசி கிளைகாலிக் அமிலத்தை வெளியே விடுகிறது என்று 1956-ல் டோல்பர்ட்டும் ஸில்லும் காட்டினார்கள். வெளிச்சம் நிறைய, கரியமில வாயு குறைவு என்றால் கசிவு கூடும். செத்த செல் உடைந்து கொட்டுவது தனி. இது நன்றாக இருக்கும் செல்லே விடுவது.

பிறகு ஏன் கணக்கில் வரவில்லை? 1952-ல் ஸ்டீமன் நீல்சன் கொண்டுவந்த கார்பன்-14 முறையில் பாசியை வடிதாளில் பிடித்து, அதில் உள்ளதைத்தான் எண்ணினார்கள். தாளைத் தாண்டி இறங்கிய நீர் கீழே போயாச்சு! அதிலும் கார்பன் இருக்கிறதே என்று பிரிட்டனின் ஜி.ஈ. ஃபாக் சொல்ல வேண்டியிருந்தது. மொத்த லாபம் வேறு, நிகர லாபம் வேறு என்பது பி.காம். முதல் வருடப் பாடம் சார்.

கசிந்ததை பாக்டீரியா தின்னும். தின்று சுவாசித்தால் பாசி வாங்கிய கரியமில வாயு திரும்பி வரும், ஆக்சிஜனும் செலவாகும். மிஞ்சியது கரைந்தே கிடக்கும். எந்த வலையிலும் மாட்டாது.

குடிநீர் ஏரி என்றால் விஷயம் இன்னும் சீரியஸ். பூந்தமல்லி பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் 2007-ல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். நீரில் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும் என்று 1974-ல் நெதர்லாந்தின் ரூக் கண்டார். பாசி விடுவதும் அந்தக் கரிமப் பொருளில் சேர்த்தி. 2012-ன் இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரோஃபார்முக்கு மேல் கூடாது என்கிறது. உடனே 'குளோரின் விஷம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். குளோரின் போடாத தண்ணீர் அதைவிட ஆபத்து.

அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூருக்குத்தான் வருகிறது. கூடவே வரும் சாக்கடைதான் பாசிக்குச் சாப்பாடு. அதை நிறுத்தாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் மறுபடி முளைக்கும், மறுபடி கசியும். அடுத்த முறை ஏரியைச் சுத்தம் செய்ததாகப் படம் போடுகிறவர்கள், வடிகட்டிய நீரில் கரைந்த கரிமக் கார்பன் எத்தனை மில்லிகிராம் என்பதையும் படத்துக்குக் கீழே போடட்டும்.