வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா?

2019 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? நாடு முழுக்க வண்டி விற்பனை படுத்துக்கொண்ட நேரம். எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கு அந்த ஒரே மாதத்தில் 16 நாள் வேலை இல்லை என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆலை மூன்று நாள் ஓடாவிட்டால், நான்காம் நாள் மளிகைக் கடை நோட்டில் தெரிந்துவிடும்.

வேலை இல்லாத அந்த நாளுக்குக் காசு உண்டா? இதைத்தான் வீட்டுக்கு வீடு கேட்பார்கள்.

முதலில் ஒரு வித்தியாசம். ஆட்குறைப்பு என்றால் கணக்கு முடிந்தது. லே-ஆஃப் அப்படியில்லை. உங்கள் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கிறது, இன்றைக்குத் தர வேலை இல்லை, அவ்வளவுதான். 1953-லேயே இதற்குச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, லே-ஆஃப் நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. பாதி என்பது அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் கணக்கில் வராது. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 600 ரூபாய் என்றால், கைக்கு வருவது 300. வார விடுமுறைக்குக் கிடையாது.

இதில் பலர் கோட்டை விடுவது ஒன்று. குறித்த நேரத்தில் தினம் ஒரு முறை ஆலைக்குப் போய் ஆஜராக வேண்டும். ‘வேலைதான் இல்லையே’ என்று ஊருக்கு பஸ் ஏறிவிட்டால், அந்தப் பாதியும் போச்சு.

இந்தப் பயம் எண்ணூருக்கு மட்டும் சொந்தமல்ல. 2020-ல் கொரோனா வந்தபோது, லட்சங்களில் சம்பளம் வாங்கும் அமெரிக்க விமானிகளும் இதே இடத்தில்தான் நின்றார்கள். அங்கே சங்கம் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்: வேலை குறைந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே, வேலை திரும்பினால் அவர்களைக் கூப்பிட்ட பிறகுதான் புது ஆள். யுனைடெட் நிறுவன விமானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பறக்கும் நேரத்தைத் தங்களுக்குள் குறைத்துக்கொண்டு, இளையவர்களின் வேலையைக் காப்பாற்றினார்கள்.

நம் சட்டத்திலும் ஆட்குறைப்புக்குக் கிட்டத்தட்ட அதே வரிசைதான். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. ஆனால், ஒரு காவல் தளர்ந்திருக்கிறது. முன்பு 100 பேர் உள்ள ஆலையே லே-ஆஃப் கொடுக்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் அந்தக் கட்டாயம்.

ஆகவே நடுத்தர ஆலைகளில் இனி சங்கம் போடும் ஒப்பந்தம்தான் பெரிய துணை. அது பாதிச் சம்பளத்தை முக்காலாக்கலாம். ஆனால், அதே ஒப்பந்தம் கையையும் கட்டிவிடலாம். ஓராண்டில் லே-ஆஃப் 45 நாளைத் தாண்டினால், அதற்கு மேல் காசு இல்லை என்று இரு தரப்பும் எழுதிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. போனஸ் எவ்வளவு என்று பார்க்கிற கண், இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறது.

கான்ட்ராக்டில் போகிறவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இடம் இருக்காது. அவர்கள் 240 நாளைக் காட்டச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு எதையும் தூக்கிப் போடக் கூடாது.

கம்பெனி நன்றாக ஓடும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒப்பந்த நகலைச் சங்கத்தில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து லே-ஆஃப் பக்கத்தைப் படியுங்கள். கேட் பூட்டிய பிறகு படித்தால், அதில் ஒரு வரியையும் மாற்ற முடியாது.